கால் நூல் கூடுதல்

சர்க்கார் சலுகை விலைக்குக் கொடுத்த இரும்பை வயிரவன் செட்டியார் கள்ள மார்க்கெட்டில் விற்றுவிட்டார், மெட்ராஸிலிருந்து விசாரிக்க அதிகாரி வருகிறார் என்ற பேச்சு திருமயம் வட்டாரத்தில் கிளம்பியபோது, நம்பாதவர்கள் ரொம்பக் கொஞ்சம். மற்றவர்களுக்கு அதிர்ச்சிகூட இல்லை. 'அப்பாடா, இவரும் நம்மைப் போலத்தான்' என்று ஒரு ஆறுதல். யோக்கியன் என்று பெயரெடுத்த மனிதன் பக்கத்து வீட்டில் இருப்பது யாருக்குத்தான் சௌகரியமாக இருந்திருக்கிறது?

செட்டியாருக்குச் சோறு இறங்கவில்லை. மலாயாவில், ஈப்போ ஊரில் அரிசிக் கடை வைத்திருந்த காலத்தில், படி அளந்து கொட்டிய பிறகு கையால் ஒரு அள்ளு அள்ளிப் போடாமல் ஒருவரையும் அனுப்பாதவர் அவர். சீனன் ஆனாலும் சரி, மலாய்க்காரன் ஆனாலும் சரி, அந்த அள்ளு உண்டு. ஊர் திரும்பி வந்து, இருக்கிற நிலபுலத்தை வைத்துக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்து கிடந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரியாத மனுஷர், கதவுக் கீல் செய்கிற கம்பெனி ஒன்றை ஆரம்பித்துவிட்டார்.

ஆரம்பிக்க வைத்தவர் ஆத்மநாதன். ஆவுடையார்கோயில் பக்கத்துப் பிள்ளை, திருச்சி தொழில் இலாகாவில் சூப்பர்வைசர். "நம்ம ஊர்ல செஞ்ச சாமான் வெளிநாட்டுக் கடையில இங்கிலீஷ்காரன் சாமானுக்குப் பக்கத்துல நிக்கணும்ங்க. அதுக்குத்தான் சர்க்கார் இவ்வளவு செய்யுது" என்று வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து பேசுவார். பேசியதோடு நிற்கவில்லை. தவணைக்கு மெஷின் வாங்கித் தந்தார். சலுகை விலை இரும்புத் தகட்டுக்குக் கோட்டா வாங்கித் தந்தார். ஃபோர்மேன் நாகராசுவை மெட்ராஸில் கிண்டித் தொழிற்பேட்டைக்கு அனுப்பிப் பழக்கினார். அங்கேயே செய்த மாதிரிக் கீலை இலாகா மூலமாகச் சிங்கப்பூருக்கு அனுப்பி, அடுக்கடுக்காக வீடு கட்டும் ஒரு கம்பெனியிடமிருந்து ஆர்டரும் வரவழைத்துவிட்டார். அந்த ஆர்டரைக் காட்டித்தான் மெஷின் கடனே கிடைத்தது. ஆர்டர் போனால் மெஷினும் போகும் என்பது அதில் அடக்கம்.

வேலைக்கு ஆள் பிடித்தது செட்டியாரின் மனைவி கண்ணம்மை ஆச்சி. கண்மாயெல்லாம் வறண்டு கிடந்த வருஷம் அது. கொடும்பாளூர் ரோட்டில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் பத்துப் பதினைந்து பேரை ஆச்சி பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டு வந்தாள். அதில் மூக்காயி என்றொருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். துளை போடும் மெஷின் முன்னால் முதல் நாள் உட்கார்ந்தபோது, "கல்லே கேட்ட பேச்சு இரும்பு கேக்காதா ஆச்சி?" என்றாள். கேட்டது. ஆறே மாதத்தில் மூக்காயி வீட்டுக் கூரை மாறியது. பெரிய பெண் பள்ளிக்கூடம் போனாள். செட்டியார் அந்தப் பெண்ணை ரோட்டில் ஸ்லேட்டும் கையுமாகப் பார்க்கும்போதெல்லாம் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார்.

இவ்வளவு நல்ல காரியத்தில் எங்கே கோளாறு வந்தது?

ஆர்டர் சரக்கை அடிக்க ஆரம்பிக்கிற அன்று செட்டியார் மாதிரிக் கீலைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் வீட்டு வாசல் கதவு பர்மாத் தேக்கு. அதைத் திறக்கவே இரண்டு ஆள் தெம்பு வேண்டும். அந்தக் கதவைத் தாங்குகிற கீலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இந்த மாதிரிக் கீல் அப்பளம்போலத் தெரிந்தது. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"என்ன நாகராசு, இதையா நாம கடல் தாண்டி அனுப்புறது? பாக்கிறவன் என்னப்பா நெனைப்பான்?"

நாகராசு பொன்னமராவதிக்காரன். பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்தவன். ரயிலுக்கு வேலை செய்தவனுக்கு எதுவும் கனமாக இருந்தால்தான் மனசு ஆறும். "நானும் சொல்லணும்னுதான் இருந்தேங்கய்யா. கொழந்தை வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்றான்.

கோட்டா இரும்பு கொடுக்கும் திருச்சி டெப்போவில் கனத்த தகடும் கிடந்தது. எடைக்குத்தான் விலை, பில்லிலும் எடை மட்டுந்தான். தச்சர் கணக்கில் கால் நூல், அதாவது அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு கூடுதல் கனம், அவ்வளவுதான். சிங்கப்பூர்க்காரர்கள் ஆர்டரோடு அனுப்பிய அளவுப் படத்தில் போட்டிருந்ததைவிடக் கால் நூல். "இருந்துட்டுப் போகட்டும். வாங்குறவன் வாயார வாழ்த்தட்டும்" என்றார் செட்டியார். நாகராசு அச்சுகளைக் கொஞ்சம் இழைத்துச் சரிசெய்துகொண்டான். செட்டியார் ஆத்மநாதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். குறைத்துக் கொடுக்கத்தானே ஆளைக் கேட்க வேண்டும், கூடக் கொடுக்க யாரைக் கேட்பது என்று இருந்துவிட்டார். அந்த அள்ளு அரிசிக்கு ஈப்போவில் யாரையும் கேட்டாரா என்ன?

கீல் கனத்தால் எண்ணிக்கை குறையும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இவ்வளவு குறையும் என்று நினைக்கவில்லை. தகடெல்லாம் தீர்ந்தபோது ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கு பாக்கி நின்றது. வெள்ளை மனசாக, இன்னும் கொஞ்சம் இரும்பு தேவை என்று இலாகாவுக்கு அவரே எழுதிக் கேட்டார். கேட்டதுதான் வினை. படத்தில் உள்ள கீலின் எடையை வைத்து மெட்ராஸில் கணக்குப் போட்டார்கள். இத்தனை டன்னுக்கு இத்தனை கீல் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அப்படியானால் மிச்ச இரும்பு எங்கே? அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் ஆத்மநாதன் வந்தார். சைக்கிளில் ஒரு பெரிய பொட்டலம் கட்டியிருந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"வாங்க தம்பி. மோர் சாப்பிடுங்க" என்றார் செட்டியார்.

"மோர் கெடக்கட்டும்ங்க. நீங்க கீலைக் கனமா அடிச்சீங்களா?"

"ஆமா. கால் நூல் கூட. அதை நாளைக்கு அந்த அதிகாரிக்கு முன்னால நிறுத்துக் காட்டப் போறேன். இரும்பு எங்கிட்டும் போகலை, அத்தனையும் கீலுக்குள்ளதான் இருக்குன்னு தெரிஞ்சுபோகும்ல."

ஆத்மநாதன் பொட்டலத்தை அவிழ்த்தார். சிங்கப்பூர் கம்பெனி அளவு காட்ட இலாகாவுக்கு அனுப்பியிருந்த சின்னக் கதவு, சட்டத்தோடு. கீல் உட்கார வேண்டிய இடத்தில் மெஷினால் பள்ளம் வெட்டியிருந்தது. நாகராசு புதுக் கீலை எடுத்து வந்து முடுக்கினான். செட்டியார் தாமே கதவைத் தள்ளினார். கதவு எதிர்ப்பக்கச் சட்டத்தில் முட்டி நின்றது. அழுத்தித் தள்ளினார். மூடவில்லை.

"பள்ளத்தை இன்னும் கொஞ்சம் செதுக்கினா?" என்றார்.

"மெஷின் வெட்டுறதுங்க. ஆயிரக்கணக்கான கதவு, எல்லாம் ஒரே அளவு. அங்கிட்டு உளி எடுத்துச் செதுக்க யார் இருக்கா? மெல்லிசான கதவு, மெல்லிசான கீல். அவங்க கேட்டது அதுதானே?"

நாகராசு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். செட்டியார் அந்தக் கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். தன் சரக்கு ஒருவனுக்கு உதவாது என்று அவர் ஆயுசில் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார்.

ஆத்மநாதன் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நீங்க நிறுத்துக் காட்டினா, திருட்டு இல்லைன்னு ஆயிரும். ஆனா படத்துக்கு மாறா அடிச்சதும் அந்த எடத்துலயே ரெக்கார்டு ஆயிரும். ஆர்டர் ரத்து. ஆர்டர் மேல குடுத்த கடன் ரத்து. மெஷினைத் திருப்பி எடுத்துக்குவாங்க. கம்பெனி மூடினதுதான்."

"நிறுத்துக் காட்டலைன்னா?"

"வித்துட்டேன்னு ஒத்துக்கங்க."

செட்டியாரின் மூக்கு சிவந்தது. ஆத்மநாதன் பதறிக் கையெடுத்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க. வித்தவனுக்கு அபராதம், ஒரு வருஷம் கோட்டா நிறுத்தம். அவ்வளவுதான். மெஷின் ஒங்ககிட்டயே இருக்கும். இந்தக் கீலை உள்ளூர்ல வித்துக் கூலி குடுங்க. இரும்பு வரலைன்னு சிங்கப்பூருக்கு நான் தவணை வாங்கித் தாரேன். அடுத்த வருஷம் படத்துல இருக்கிறபடி அடிச்சு அனுப்பலாம். அந்த அழகுமலையைப் பாருங்க, ரெண்டு தடவை பிடிபட்டாரு. கோட்டா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வித்தவனை மன்னிக்கச் சர்க்கார்ல ரூல் இருக்குங்க. கூடக் குடுத்தவனை என்ன செய்யிறதுன்னு ரூலே இல்லை."

அழகுமலை புதுக்கோட்டை ரோட்டில் வாளிக் கம்பெனி வைத்திருந்தவர். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெரிய போர்டு. அங்கே செய்த வாளியை யாரும் கண்ணால் கண்டதில்லை. கோட்டா இரும்பு முன்வாசலில் இறங்கிப் பின்வாசலில் ஏறிவிடும்.

"என்னையும் அந்த ஆளோட சேத்துட்டீங்களே தம்பி" என்றார் செட்டியார்.

ஆத்மநாதன் போன பிறகு கண்ணம்மை ஆச்சி வந்தாள். அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்தத் தம்பி சொல்றபடி செஞ்சிட்டுப் போங்களேன்."

"திருடன்னு கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"ஊர்தான் ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருக்கே, புதுசா என்ன? அந்தப் பொம்பளைகளை நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தேன். மூடிட்டோம் போங்கடீன்னு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

"மூணு தலைமுறையா நம்ம கையில குறை அளந்ததுன்னு ஒருத்தன் சொன்னதில்லை கண்ணம்மை. கூடக் குடுத்த கைதான் இது."

ஆச்சி விடவில்லை. "கூடக் குடுத்தீங்க, சரி. கதவே மூடலைங்கிறாகளே, அப்பறம் அது யாருக்குக் குடுத்தது?"

செட்டியாரிடம் கோபந்தான் இருந்தது. பதில் இல்லாத மனுஷனுக்கு அது ஒன்றுதானே கைவசம்?

மறுநாள் காலை ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினார். கண்ணாடி போட்ட, மரியாதை தெரிந்த மனிதர். ஊரில் பாதிப்பேர் வேலியோரம் வேடிக்கை பார்க்க நின்றார்கள். பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கொட்டகை வாசலில் கூடினார்கள். மூக்காயி எல்லாருக்கும் முன்னால் நின்றாள். அவளுக்கு விஷயம் ஓரளவு தெரியும். நாகராசு சொல்லியிருந்தான்.

"இரும்பு குறையுதே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

ஆத்மநாதன் செட்டியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்துக்கொள்வதற்கு ஒரே ஒரு வார்த்தை போதும். செட்டியார் ராத்திரியெல்லாம் யோசித்து அந்த வார்த்தைக்குக் கிட்டத்தட்ட வந்துமிருந்தார். 'வித்துட்டேன்' என்று சொல்லிவிட்டால் இந்தப் பெண்களுக்கு நாளைக்கும் வேலை உண்டு. வாயைத் திறந்தார். அப்போது வேலியோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று பார்க்கக்கூட இல்லை. அந்தச் சிரிப்பு அவருக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"தராசைக் கொண்டாங்க" என்றார்.

ஒரு தட்டில் கிண்டி மாதிரிக் கீல்கள், மறு தட்டில் அதே எண்ணிக்கை இவர் கீல்கள். தட்டு சட்டென்று இறங்கியது. அதிகாரி நம்பாமல் வேறு பெட்டி பிரிக்கச் சொன்னார். அதிலும் அதே கதை. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். டெப்போவிலிருந்து வந்த இரும்பில் வெட்டுத்துண்டு போக ஒரு பொட்டு வெளியே போகவில்லை. வேலியோரம் கப்சிப்பென்று ஆகிவிட்டது.

அதிகாரி எழுந்து செட்டியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல கோட்டாவுக்கு மேல யோக்கியமா இருந்த ஒரு ஆளை இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். செட்டியாருக்குக் கண் கலங்கியது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அவர் உலகத்திலேயே சந்தோஷமான மனிதராக இருந்தார்.

பிறகு அதிகாரி உட்கார்ந்து, படத்துக்கு மாறான சரக்கு, ஏற்றுமதிக்குத் தகுதி இல்லை என்று எழுதினார். அதையும் வருத்தத்தோடுதான் எழுதினார். ஆத்மநாதன் சுவரோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரை உலகச் சந்தையில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று மேலிடத்தில் மார்தட்டியவர் அவர். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் இந்தப் பக்கம் வரவே இல்லை.

மாதம் முடிவதற்குள் லாரி வந்தது. மெஷின்களைக் கழற்றி ஏற்றினார்கள். சர்க்கார் சொத்து சும்மா கிடக்கக் கூடாதல்லவா? வேறொரு தொழிற்சாலைக்கு ஒதுக்கிவிட்டார்கள். அபராதம் கட்டிக் கணக்கை நேர்செய்து வைத்திருந்த தொழிற்சாலை அந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. எல்லாம் அழகுமலையின் தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன. கண்ணம்மை ஆச்சி அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பெண்கள் வரிசையாக வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை குறைப்படவில்லை. குறைப்பட்டிருந்தால் செட்டியாருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

ஆவணியில் பொன்னமராவதியில் ஒரு கல்யாணம். பந்தலில் செட்டியாருக்கு முன்வரிசையில் இடம் போட்டார்கள். "சர்க்காரே நிறுத்துப் பாத்து நல்லவருன்னு சொன்ன ஆளு" என்று சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகம் செய்தார்கள். களுக்கென்று சிரித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள், இப்போது எழுந்து வணக்கம் சொன்னார்கள். பந்தியில் வைத்த பலகாரம் அவருக்கு மண்ணாக இருந்தது. ஆச்சி வராததற்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லிவைத்தார். அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அவரோடு பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ரோடு போடுகிறார்கள் என்று காரை நிறுத்தினார்கள். ஓரத்தில் வெயிலில் பெண்கள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். செட்டியார் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் ஒருத்தி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்தபடி ஓடி வந்தாள். மூக்காயி. பக்கத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது அவள் பெரிய பெண்.

"ஐயா, சொகமா இருக்கீங்களா? ஆச்சி சொகமா இருக்காகளா?"

"இருக்கா, இருக்கா. நீ எப்படி இருக்க?" கேட்ட பிறகுதான் எப்படிப்பட்ட கேள்வி அது என்று அவருக்கு உறைத்தது.

"இருக்கேங்கய்யா. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சுக்கிட்டிருந்தேன்." மூக்காயி கார் ஜன்னலோரம் குனிந்தாள். முகத்தில் கல்தூசி அப்பியிருந்தது. "நம்ம மெசினெல்லாம் அந்த வாளிக் கம்பெனி மொதலாளிகிட்டத்தான் இருக்காம்ல. நாங்க அத்தனை பேரும் வேலை தெரிஞ்சவுக. நீங்க ஒரு வார்த்தை சொல்லி விட்டீகன்னா சேத்துக்குவாரு. வேற யாரு சொன்னாலும் கேப்பாகளோ என்னமோ, ஒங்க பேருன்னா ஒரு இது இருக்குல்லங்கய்யா."

செட்டியார் போன வாரந்தான் அந்தக் கொட்டகையைத் தாண்டி வந்திருந்தார். மெஷின்கள் கோணிக்கடியில் துருவேறிக் கிடந்தன. துளை போடும் மெஷின்மேல் யாரோ வேட்டி காயப் போட்டிருந்தார்கள். அங்கே வேலையும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. இனிமேலும் இருக்கப்போவதில்லை. அதை இவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தார்.

"சொல்றேன் மூக்காயி" என்றார்.

மூக்காயியின் முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மற்றப் பெண்களைப் பார்த்து ரோடு பூராவும் கேட்கக் கத்தினாள்: "ஏய், ஐயா சொல்றேன்னுட்டாகடி! அவுக வாயில வந்துட்டா வேலை கெடைச்ச மாதிரிதான்!"

பெண்கள் சுத்தியலோடு எழுந்து நின்று கும்பிட்டார்கள். ரோடு மேஸ்திரி வழிவிட்டார். புதுக்கோட்டை ரோட்டு வாளிக் கம்பெனிக்கு ஒரு நடை போய்விட்டுப் போகலாமா என்று டிரைவர் கேட்டார். வேண்டாம், வீட்டுக்கே விடு என்றார் செட்டியார்.